வழக்கமான வேலை என்பது யாருடைய வேலை?

"ஹார்ட் ஃபெயிலியர்" என்று டாக்டர் சொன்னதும் இதயமே நின்றுவிட்டதாக எண்ணிப் பலர் பதறிவிடுகிறார்கள். அப்படியல்ல. உடலுக்கு வேண்டிய அளவு இரத்தத்தை அனுப்ப முடியாமல் இதயம் தளர்ந்துபோன நிலையே அது. நடந்தால் மூச்சு வாங்கும். கால் வீங்கும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். எப்போதும் களைப்பாக இருக்கும்.

பூவார், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் வாழும் நம் குடும்பங்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தின் டாக்டர்கள் முன்னின்று, 2013ஆம் ஆண்டில் இந்நோயுடன் நம் மாவட்ட மருத்துவமனைகளில் சேர்ந்த 1,205 பேரைப் பதிவு செய்து தொடர்ந்து கவனித்தார்கள். ஐந்து ஆண்டுகளுக்குள் அவர்களில் 59 சதவீதம் பேர் இறந்துவிட்டனர். பதிவானவர்களில் பெண்கள் சுமார் 31 சதவீதமே.

பெண்கள் ஏன் இவ்வளவு குறைவு? இதயக் குழாய் அடைப்பு பொதுவாகப் பெண்களுக்குச் சில ஆண்டுகள் பிந்தி வருவது ஒரு காரணமாகலாம். ஆனால், வீட்டிலேயே பொறுத்துக்கொண்டு இருந்துவிட்டவர்களின் பெயர் மருத்துவமனைப் பதிவேட்டில் ஏறாது என்பதையும் நினைக்க வேண்டும். எண்ணிக்கை "எத்தனை பேர்" என்று சொல்லும். "ஏன்" என்பதற்கு ஆளிடம்தான் கேட்க வேண்டும்.

ஆகவே ஆராய்ச்சியாளர்கள் இரண்டு வேறுபாடுகளைத் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். ஒன்று உடலைச் சேர்ந்தது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ள வயதான பெண்களிடம், இதயத் தசை விறைத்துப் போகும் வகை அதிகம். எக்கோவில் இதயம் நன்றாகச் சுருங்குவது போலவே தெரியும், நோய் தப்பிவிடக்கூடும். மற்றொன்று, ஆணுக்கு இன்னது, பெண்ணுக்கு இன்னது என்று குடும்பமும் ஊரும் வகுத்துவைத்த பங்கு. இதை இரத்தப் பரிசோதனையில் காண முடியாது. நோயாளியுடன் உட்கார்ந்து, அவர் சம்மதத்துடன் பேச்சைப் பதிவு செய்து, பலருடைய பேச்சிலும் திரும்பத் திரும்ப வருவதைத் தொகுக்கிறார்கள். கணவரோ மகனோ பக்கத்தில் இருந்தால் அவர்களே பதில் சொல்லிவிடலாம் என்பதால், தனியாகக் கேட்பது நல்லது.

கேள்வியிலும் கவனம் வேண்டும். இந்நோயின் கடுமையை நான்கு நிலைகளாகப் பிரிக்கும் முறையை நியூயார்க் இதயச் சங்கம் 1928ல் வகுத்தது. இன்றும் அதுவே வழக்கில் உள்ளது. "வழக்கமான வேலை செய்யும்போது சிரமம் உண்டா?" என்பதே அதன் அடிப்படை. யாருடைய வழக்கமான வேலை? தண்ணீர் இறைப்பதை மருமகளிடமும், துணி துவைப்பதை மகளிடமும் ஒப்படைத்துவிட்ட அம்மா, "ஒரு சிரமமும் இல்லை" என்றுதான் சொல்வார். பாலம் பலவீனமானால் ரயிலுக்கு வேகக் கட்டுப்பாடு விதிப்போம். மெதுவாகப் போன வண்டி பத்திரமாகக் கடந்தது என்பதற்காகப் பாலம் உறுதியானது என்று எந்தப் பொறியாளரும் எழுதமாட்டார்.

கான்சாஸ் நகரில் உருவாகி 2000ல் வெளியான புகழ்பெற்ற கேள்வித்தாளிலும், தோட்ட வேலை, வீட்டு வேலை, சாமான் தூக்குதல் மூன்றும் ஒரே வரியில் அடங்கிவிடுகின்றன. விடியற்காலை முதல் இரவு வரை வீட்டு வேலையே நாளாக உள்ளவருக்கு அந்த ஒரு வரி போதுமா?

இது பெண்களைப் பற்றிய பேச்சு மட்டுமல்ல. கடலுக்குப் போக முடியாமல் கரையில் உட்கார்ந்துவிட்ட ஆண், மூச்சிரைப்பைவிடச் சம்பாத்தியம் போனதை எண்ணியே நொந்துபோகலாம். பயத்தை வெளியே சொல்லமாட்டார். அவருக்கு உப்புக் குறைத்துச் சமைக்க மனைவி இருக்கிறார். மனைவிக்கே நோய் வந்தால் கருவாட்டையும் ஊறுகாயையும் விலக்கி அவருக்கெனச் சமைப்பது யார்? மாத்திரையை நினைவூட்டுவது யார்? ஆராய்ச்சி கேட்கும் இக்கேள்விகளை நாமும் நம் வீட்டில் கேட்கலாம்.

"உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றே பதில் வரும். "போன வருடம் செய்த எந்த வேலையை இப்போது விட்டுவிட்டீர்கள்? இரவில் எத்தனை தலையணை வைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ எடை கூடினாலும், கால் வீங்கினாலும், தாமதிக்காமல் டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். அங்கேயும் அம்மாவையே பேச விடுங்கள்.