முழுக்கைச் சட்டை

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பங்கில், பள்ளித் தாளாளர் பொறுப்பும் என்னிடமே இருந்தது. தவக்காலத்தின் இரண்டாம் வாரம். ஆண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டை அணிந்து, கழுத்துவரை பொத்தானிட்டு வந்தான். மூன்றாம் நாள் அவன் நெற்றியில் கொப்புளம் ஒன்றைக் கண்ட பின்னரே, சின்னம்மை என்பதை ஆசிரியை அறிந்தார்.

அடுத்த மூன்று வாரங்களுக்குள் அவ்வகுப்பில் மேலும் 11 பிள்ளைகள் படுத்துவிட்டனர். ஆசிரியையோ அப்போது கருவுற்றிருந்தார். சிறு வயதில் அம்மை கண்டவரும் அல்லர். உடனே மருத்துவரிடம் விரைந்தார். இறையருளால் தாய்க்கும் சேய்க்கும் தீங்கு நேரவில்லை. எனினும் அந்த மூன்று வாரமும் அவர் பட்ட வேதனையை நான் அறிவேன்.

சிறுவனின் தாயை அழைத்துக் கடிந்துகொண்டேன். அவர் தலைகுனிந்தவாறே சொன்னார்: "மூணு வருஷமா ஒரு நாள் கூட லீவு போடாத பிள்ளை, சாமி. போன ஆண்டு விழாவில நீங்கதானே உங்க கையால பரிசு குடுத்தீங்க!"

எனக்கு மறுமொழி எழவில்லை. நோயை மறைக்கக் கற்றுக்கொடுத்ததில் எனக்கும் பங்கிருந்தது.

அன்புள்ள பெற்றோரே, தொற்றுநோய்க் காலத்தில் பள்ளிகள் கடைப்பிடிக்கும் விதிகள் இரு வகைப்படும். நோய் கண்ட பிள்ளையைப் பிறரிடமிருந்து பிரித்து வைப்பது தனிமைப்படுத்தல். நோயாளியோடு பழகியும் இன்னும் நோய் தோன்றாதவரைக் குறிப்பிட்ட நாட்கள் விலகியிருக்கச் செய்வது மற்றொன்று. அதையே 'குவாரண்டைன்' என்கின்றனர். இச்சொல் நாற்பது என்னும் பொருளுடைய இத்தாலியச் சொல்லிலிருந்து பிறந்தது. 1377-ஆம் ஆண்டில் ராகுசா என்னும் துறைமுக நகரம், கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வந்தோரை 30 நாள் வெளியே நிறுத்தியது. பின்னாளில் அது 40 நாளாக வளர்ந்தது.

இன்று நாட்கணக்கு நோய்க்கு நோய் வேறுபடும். சின்னம்மை, கொப்புளம் தோன்றுவதற்கு 1 அல்லது 2 நாள் முன்னரே பரவத் தொடங்கி, எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குக் கட்டும்வரை பரவும். தட்டம்மை, தடிப்புத் தோன்றுவதற்கு 4 நாள் முன்பிருந்து 4 நாள் பின்புவரை தொற்றும். அந்நோயாளி அறையை விட்டுச் சென்ற பின்னும் 2 மணி நேரம்வரை கிருமி காற்றில் தங்கியிருக்கக்கூடும். பொன்னுக்கு வீங்கி கண்ட பிள்ளை, வீக்கம் தொடங்கியதிலிருந்து 5 நாள் வீட்டில் இருத்தல் வேண்டும். தட்டம்மைக்கு அரசு இலவசமாக இரு தவணைத் தடுப்பூசி அளிக்கிறது. முதல் தவணை 9 மாதம் நிறைந்ததும், அடுத்தது 16 முதல் 24 மாதத்திற்குள்ளும் போடப்படுகின்றன. இதைத் தவறவிடாதீர்கள்.

இவ்விதிகள் நமக்குப் புதியனவும் அல்ல. அம்மை கண்ட வீட்டு வாசலில் நம் பாட்டிமார் வேப்பிலை செருகினர். அதைக் கண்டவர் உள்ளே நுழையமாட்டார். வீட்டாரும் வெளியே செல்லமாட்டார். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பின்னரே பிள்ளை தெருவுக்கு வரும். வேப்பிலை மருத்துவருக்கு ஈடாகாது. நாள் பார்த்து ஊற்றும் தண்ணீரைவிடக் கொப்புளம் காய்ந்ததா என்பதே முக்கியம். ஆயினும், 'இங்கே நோய் இருக்கிறது, விலகியிருங்கள்' என்று ஊருக்கு நாணமின்றி அறிவித்த அந்த நேர்மை போற்றத்தக்கது. முழுக்கைச் சட்டை மறைத்ததை வேப்பிலை அறிவித்தது.

ஆனால் விலக்கி வைப்பதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. 1576-இல் மிலான் நகரைக் கொள்ளைநோய் தாக்கி, மக்கள் வீடுகளில் அடைபட்டபோது, பேராயர் புனித சார்லஸ் பொரோமியோ தெருச் சந்திப்புகளில் பீடங்கள் எழுப்பச் செய்தார். மக்கள் தத்தம் சன்னலில் நின்றே திருப்பலியில் பங்குகொண்டனர். விதியும் காக்கப்பட்டது, மக்களும் கைவிடப்படவில்லை.

2020 மார்ச்சில் கொரோனாவால் நம் மாநிலப் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரையிலான பிள்ளைகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் வகுப்பறை கண்டனர். கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் எழுத்தையே மறந்து வந்ததை ஆசிரியர்கள் அறிவர். வீட்டில் இருக்கச் சொன்னால் மட்டும் போதாது, பாடமும் அவ்வீட்டைத் தேடிச் செல்ல வேண்டும் என்பதை அந்நாட்கள் நமக்குக் கற்பித்தன.

ஆகவே பள்ளி நடத்துவோர் மூன்றைச் செய்யலாம். நோய் விடுப்பு வருகைக் குறைவாகக் கருதப்படாது என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே அறிவிக்கலாம். பள்ளி அளவிலான தேர்வைத் தவறவிட்டவருக்கு மறுதேர்வு வைக்கலாம். யாருக்கு நோய் என்று பெயர் சொல்லாமல் மற்றப் பெற்றோரை எச்சரிக்கலாம். பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்றே: முதல் நாளிலேயே உண்மையைச் சொல்லுங்கள். அன்றாடக் கூலியை இழந்து பிள்ளைக்குக் காவலிருக்கும் தாய் நம் தெருவில் இருந்தால், அவ்வீட்டு வாசலில் ஒரு வேளை உணவை வைத்துவிட்டு வாருங்கள்.

அடுத்த ஆண்டு விழாவில் முழு வருகைப் பரிசை நிறுத்திவிட்டேன். அதற்குப் பதிலாக, நோயுற்ற தோழிக்காகப் 10 நாள் பாடங்களை அழகாகப் படியெடுத்துத் தந்த ஒரு சிறுமிக்குப் பரிசளித்தோம். கூட்டத்தின் நடுவே அந்த முழுக்கைச் சட்டைச் சிறுவனின் தாயும் இருந்தார். எல்லாரையும் முந்திக்கொண்டு கைதட்டியவர் அவரே.