திரும்பி வர டிக்கெட் இருக்கா?

வெளிநாட்டில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குக் கிளம்பும் அம்மாக்கள் பலரும், 'எப்போ திரும்புவோம்னு யாருக்குத் தெரியும்? போற டிக்கெட் மட்டும் எடுப்போம். வர்றதை அங்கே போய் பார்த்துக்கலாம்' என்று நினைக்கிறோம். விசா தான் கையில் இருக்கே என்ற தைரியம் வேறு!

எங்கள் தெரு அம்மா ஒருவர், இப்படித்தான் சிங்கப்பூர் கிளம்பினார். திருச்சி விமான நிலையத்தில், போர்டிங் பாஸ் தரும் கவுன்டரிலேயே, 'ரிட்டர்ன் டிக்கெட் எங்கேம்மா?' என்று நிறுத்தி விட்டனர். வழியனுப்ப வந்த மகன், மொபைலில் அவசரமாக ஒரு டிக்கெட் எடுத்துக் காட்டிய பிறகு தான் விட்டார்களாம். கடைசி நேர டிக்கெட் என்ன விலை இருக்கும் என்று சொல்லவா வேண்டும்?

கவுன்டரில் இருப்பவர்கள் வேண்டுமென்றே இப்படிச் செய்வதில்லை. அந்த நாட்டில் நம்மை உள்ளே விடாவிட்டால், கூட்டிப் போன விமான கம்பெனி தான் திருப்பிக் கொண்டு வர வேண்டும்; பல நாடுகளில் அபராதமும் உண்டு. அதனால் தான், அந்தந்த நாட்டு விதிகளைக் கம்ப்யூட்டரில் பார்த்து, இங்கேயே சோதிக்கின்றனர். விசா இருந்தாலும், உள்ளே விடுவதும், எத்தனை நாள் தங்கலாம் என்பதும் அங்குள்ள குடியேற்ற அதிகாரியின் முடிவு தான்.

மலேசியா, 2023 டிசம்பர் 1 முதல், இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா விலக்கு கொடுத்தது. விசா வேண்டாம் என்றதும், திரும்பும் டிக்கெட்டும் வேண்டாம் என்று எண்ணி விடக் கூடாது.

தேதி நிச்சயமில்லாதவர்கள், தேதி மாற்றக் கூடிய ரிட்டர்ன் டிக்கெட்டாகக் கேட்டு வாங்குங்கள். மாற்ற எவ்வளவு கட்டணம் என்பதையும் முதலிலேயே கேளுங்கள். அங்கே தங்கும் நாளை நீட்டித்துக் கொடுத்தால், தேதியை மாற்றிக் கொள்ளலாம். 'டிக்கெட் மாதிரியே ஒண்ணு அடிச்சுத் தர்றேன்' என்று சொல்லும் ஆட்களிடம் மட்டும் போகாதீர்கள். பொய் என்று தெரிந்தால், அப்படியே திருப்பி அனுப்பி விடுவர்.

கிளம்பும் முன், பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதத்துக்காவது செல்லுமா என்று பாருங்கள். சிங்கப்பூர், மலேசியா இரண்டுக்குமே, போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள், வருகை அட்டையை இணையத்தில் இலவசமாகப் பதிய வேண்டும். மகள் வீட்டு முகவரி, போன் நம்பர், திரும்பும் டிக்கெட் மூன்றையும் காகிதத்தில் எடுத்து, கைப்பையில் வையுங்கள். மொபைலில் சார்ஜ் தீர்ந்தாலும் கவலையில்லை!

— ஒரு வாசகி, திருச்சி.