‘இயற்கை’ என்று எழுதியிருந்தால் போதுமா?

திருச்சிராப்பள்ளிப் பெரிய கடைவீதியிலும் ஸ்ரீரங்கத்திலும் வீட்டுச் சாமான் வாங்கும் அங்கத்தினர்கள் இப்பொழுது சரக்கைவிட அதன்மேல் ஒட்டிய சீட்டையே அதிகம் படிக்க நேரிடுகிறது. விரிப்பு, துவாலை, பை, தட்டு எதை எடுத்தாலும் ‘இயற்கையானது’, ‘பசுமைத் தயாரிப்பு’, ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். விலையும் அதற்கேற்பக் கூடுகிறது. இச்சொற்களில் எதற்குப் பொருளுண்டு என்று அறிவது வாங்குவோருக்கு மட்டுமன்றி, நெய்து விற்கும் நமக்கும் அவசியமாகும்.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, இத்தகைய பொதுச் சொற்களைத் தக்க விளக்கமும் ஆதாரமுமின்றி விளம்பரத்தில் உபயோகித்தல் கூடாது. அச்சொல் பண்டம் முழுவதையும் குறிக்கிறதா, ஒரு பகுதியையா, மேலுறையை மட்டுமா என்பதையும் தெரிவிக்கவேண்டும். ஆகவே, “எது பசுமை? நூலா, சாயமா, உறையா?” என்று கடைக்காரரைக் கேட்பதில் கூச்சம் வேண்டுவதில்லை.

‘அங்ககப் பருத்தி’ என்பது செயற்கை உரமும் பூச்சிமருந்தும் இடாமல் விளைந்த பருத்தி. அச்சொல் வயலோடு நின்றுவிடுகிறது. சாயத்தொட்டியில் நடந்ததைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. ‘காட்ஸ்’ எனப்படும் உலக முத்திரை நூற்பு, சாயமேற்றல் ஆகியவற்றையும் பார்க்கிறது. அதிலும் இரு படிகள் உண்டு: ‘அங்ககம்’ என்று எழுத 95 சதவிகிதம் அங்கக இழை வேண்டும், ‘அங்கக இழை சேர்ந்தது’ என்று எழுத 70 சதவிகிதம் போதும். சான்றளித்தவர் பெயரும் உரிம எண்ணும் இல்லாத சீட்டை நம்புவதற்கில்லை.

சாயத்தைப் பற்றியே குழப்பம் மிகுதி. அவுரியும் மஞ்சளும் நீங்கலாக, தாவரச் சாயங்களில் பெரும்பாலானவை பருத்தியில் தாமாக நிலைத்து நிற்பதில்லை. கடுக்காயும் படிகாரமும் கொண்டு நிலைப்படுத்தினால் பெரிய கெடுதலில்லை. நிறத்தை ஆழப்படுத்தப் பொட்டாசியம் டைகுரோமேட்டைச் சேர்த்தாலோ, கழிவுநீரில் குரோமிய நஞ்சு கலக்கிறது. சீட்டில் அப்பொழுதும் ‘இயற்கைச் சாயம்’ என்றே இருக்கும்! ‘அசோ இல்லாதது’ என்பது, புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களை வெளியிடும் சில அசோ சாயங்கள் சேரவில்லை என்பதையே குறிக்கும். அச்சாயங்கள் நம் நாட்டில் 1997-லேயே தடைசெய்யப்பட்டவை. சட்டத்துக்குக் கீழ்ப்படிந்ததற்காகத் தனி விலை கேட்பது நியாயமாகாது.

உறையூர்ச் சேலையிலும் மணமேட்டுச் சேலையிலும் நாம் ஒட்டும் கைத்தறி முத்திரை 2006-ல் ஏற்பட்டது. துணி கைத்தறியில் நெய்யப்பட்டது என்பதற்கே அது அத்தாட்சி, சாயத்திற்கு அன்று. விற்பனை நிலையத்தில் இருப்போர் இதை மறைக்காமல் சொல்லவேண்டும்.

‘துணிப்பை’ என்ற பெயரில் விற்கும் நெய்யாத பை உண்மையில் பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அது தடைசெய்யப்பட்டுள்ளது. அதில் பாவுமில்லை, ஊடையுமில்லை. நம் நெசவாளர் கண்ணை மூடிக்கொண்டு தொட்டே சொல்லிவிடுவார். ‘மக்கும் பிளாஸ்டிக்’ என்பதிலும் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது. அதில் பெரும்பகுதி, உரம் தயாரிக்கும் ஆலைகளின் 58 பாகை அளவான சூட்டில் மக்குவது. கொல்லைக் குழியில் அவ்வாறு மக்கும் என்று எதிர்பார்க்கலாகாது. தொட்டியத்து வாழையிலைக்குச் சீட்டும் வேண்டாம், சான்றும் வேண்டாம். ஆனால் வாழைநார்த் துணிக்கு வேண்டும். பருத்திப் பாவில் வாழைநாரை ஊடையாக இட்டு நெய்வது குற்றமன்று. எத்தனை சதவிகிதம் நார் என்று எழுதாமல் விடுவதே குற்றம்.

சங்கங்களும் தம் பலகையில் ‘இயற்கை’ என்பதற்குப் பதிலாக, ‘கைத்தறி, பருத்தி 100 சதவிகிதம், வாட் சாயம்’ என்று உள்ளதை உள்ளபடி எழுதலாம். சாயம் வாங்கிய பட்டியல்களைக் கோப்பில் வைத்திருந்து, கேட்பவருக்குக் காட்டவேண்டும். வெளியில் வாங்கிய சரக்கில் ஏமாற்றம் கண்ட அங்கத்தினர்கள் சீட்டையும் ரசீதையும் எறிந்துவிடாமல், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் முறையிடலாம்.