சீ டைம் கணக்கு: அன்று தாளில், இன்று திரையில்

கப்பலில் செகண்ட் மேட் என்ற அதிகாரி ஒருவர் அடுத்த படியான சீஃப் மேட் ஆக வேண்டும் என்றால், படிப்புக்கும் தேர்வுக்கும் முன்னால் தாண்ட வேண்டியது கணக்கு. கடலில் எத்தனை மாதம் வேலை பார்த்தார் என்பதை அரசிடம் நிரூபிக்க வேண்டும். பெரிய கப்பல்களில் சீஃப் மேட்டுக்குக் குறைந்தது 12 மாதம் என்றும், மாஸ்டருக்கு (கேப்டனுக்கு) 36 மாதம் என்றும், அதில் 12 மாதம் சீஃப் மேட்டாகவே ஓடியிருந்தால் 24 போதும் என்றும் சர்வதேச விதி சொல்கிறது. கப்பல்காரர்கள் இதை ‘சீ டைம்’ என்பார்கள்.

நாங்கள் கப்பலேறிய காலத்தில் அந்தக் கணக்கு முழுக்கத் தாளில் இருந்தது. சிடிசி என்ற மாலுமிப் பணிப்பதிவுப் புத்தகத்தில் ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு வரி: ஏறிய தேதி, இறங்கிய தேதி, கேப்டன் கையெழுத்து, கப்பல் முத்திரை. அதோடு, இருபத்து நான்கு மணி நேரத்தில் எட்டு மணி நேரம் வாட்ச் (காவல் பணி) நின்றார் என்று கேப்டன் எழுதித் தரும் கடிதம். முத்திரை மசியில் தேதி மங்கியிருந்தாலோ, சிடிசியில் ஒரு தேதியும் பாஸ்போர்ட்டில் குடியேற்ற முத்திரையில் வேறொரு தேதியும் இருந்தாலோ விண்ணப்பம் திரும்பி வரும். திருத்தம் வேண்டுமென்றால் வெளிநாட்டுக் கம்பெனிக்குத் தபால் போட வேண்டும். பதில் வருவதற்குள் அடுத்த கான்ட்ராக்ட் வந்துவிடும். வீட்டுச் செலவு இருக்கிறது, கப்பலேற வேண்டியதுதான். நல்ல திறமைசாலிகள் வருடக்கணக்கில் செகண்ட் மேட்டாகவே நின்றுபோனதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு மூளை போதாமல் இல்லை. ஒரு கடிதம்தான் வரவில்லை.

ஆனாலும் அன்று ஒரு வழி இருந்தது. எம்எம்டி என்ற வணிகக் கடல் துறை அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த சர்வேயரும் கடலில் ஓடியவர். நேரில் போய்ச் சொன்னால், பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து, ‘நடுவில் இரண்டு நாள் விமானத்துக்குக் காத்திருந்திருப்பீர்கள்’ என்று அவரே புரிந்துகொள்வார். எல்லோருக்கும் அப்படி வாய்த்ததென்று சொல்ல மாட்டேன். சென்னையில் தங்க இடமில்லாத ராமநாதபுரத்துப் பையனுக்கு, ராஜாஜி சாலையில் இருந்த அந்த அலுவலகத்தில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வருவதற்கே இரண்டு இரவு ரயிலில் போய்விடும்.

இன்று அந்த அலைச்சல் பெருமளவு குறைந்துவிட்டது. ஒவ்வொரு மாலுமிக்கும் இன்டோஸ் என்ற அடையாள எண் இருக்கிறது. விண்ணப்பம், கட்டணம் எல்லாம் கப்பல் துறை இயக்குநரகத்தின் இணையதளத்தில். மாலுமிகளை வேலைக்கு அனுப்ப ஆர்பிஎஸ்எல் உரிமம் பெற்ற கம்பெனி ஏறிய, இறங்கிய தேதிகளைத் தானே பதிவேற்றுகிறது. போலிச் சான்றிதழ்களைப் பிடிப்பதும் இதனால் எளிதாகியிருக்கிறது. இது உண்மையான முன்னேற்றம்.

சிக்கல் மட்டும் வேறு இடத்துக்குப் போய்விட்டது. கம்பெனி தேதியைப் பதிவேற்ற மறந்தால், சிடிசியில் முத்திரை பளிச்சென்று இருந்தும் திரையில் அந்த மாதங்கள் இருக்காது. உரிமமில்லாத ஏஜென்ட் பேச்சை நம்பிக் கப்பலேறியவனின் நிலைமை இன்னும் மோசம்: உப்புக் காற்றில் நின்ற அத்தனை மாதமும் கணக்கில் ஏறாமல் போகலாம்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கென்றே ஒரு தொல்லையும் உண்டு, பெயர். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் தலைப்பெழுத்தோடு இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து ‘சர்நேம்’ கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். சிடிசியில் இரண்டும் சேர்ந்து வேறு வரிசையில். அன்று எழுத்தர் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒரே ஆள்தான் என்று முடிவு செய்துவிடுவார். கணினிக்கு அவர்கள் மூன்று பேர். பிரமாணப் பத்திரம், மின்னஞ்சல், ‘உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒரே பதில். இதற்கு இன்னும் உருப்படியான தீர்வு இல்லாதது எனக்கு வேதனையாகவே இருக்கிறது.

சான்றிதழ்களும் பெருகிவிட்டன. மாலுமிகளின் பயிற்சி, சான்றிதழ் குறித்த எஸ்டிசிடபிள்யூ என்ற சர்வதேச உடன்படிக்கை 1978-இல் வந்தது. 1995-இலும் 2010-இல் மணிலாவிலும் பெரிதாகத் திருத்தப்பட்டது. தீயணைப்பு, உயிர்காப்புப் பயிற்சிகளை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அவை உயிர் காக்கும் பயிற்சிகள், அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தேதியில் காலாவதியாகிறது. ரேடியோ லைசென்ஸைத் தருவது தொலைத்தொடர்புத் துறை, அதற்கு மேலொப்பம் போடுவது கப்பல் துறை.

அன்றும் இன்றும் மாறாதது ஒன்று உண்டு. கான்ட்ராக்டில் ஓடுபவர்களில் பலருக்குக் கரையில் சம்பளம் கிடையாது. கோர்ஸ், எழுத்துத் தேர்வு, ஓரல்ஸ் எனும் வாய்மொழித் தேர்வு எல்லாம் சேமிப்பில்தான். ஒரு நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் தங்கிவிட்டால் வெளிநாட்டுக் கப்பல் சம்பளத்துக்கும் வரி வந்துவிடும். ஒரு பதிவேற்றப் பிழை மூன்று வாரம் இழுத்தடித்தால், அது இந்த நாள் கணக்கிலிருந்துதான் போகிறது.

இப்போது பெரும்பாலான கப்பல்களில் இணையம் இருக்கிறது. கப்பலிலிருந்து இறங்குவதற்கு முன்பே மாலுமி தன் சீ டைமைத் திரையில் பார்த்து, தவறு இருந்தால் அங்கேயே கேப்டன் சான்றோடு திருத்தக் கேட்க முடிய வேண்டும். குறித்த நாளுக்குள் கம்பெனி பதில் தராவிட்டால் சிடிசி முத்திரையே போதும் என்று விதி இருக்க வேண்டும். 1958-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் நாடாளுமன்றம் புதிய சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. அதன் கீழ் விதிகளை எழுதுபவர்கள், விடுப்பில் வந்திருக்கும் ஒரு செகண்ட் மேட்டைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எழுத வேண்டும்.