'மௌன ராகம்' படத்தில் ரேவதி

மணிரத்னம் எழுதி இயக்கி 1986-இல் வெளிவந்த 'மௌன ராகம்', விருப்பமில்லாத திருமணத்துக்குள் தள்ளப்பட்ட திவ்யாவின் கதை. 'மண்வாசனை' (1983) மூலம் அறிமுகமான ரேவதி இவ்வேடத்தை ஏற்றார். மழையில் ஆடித் திரிந்த அதே பெண், டெல்லி வீட்டில் உடம்பை இறுக்கிக்கொண்டு நடமாடுகிறாள். என்ன பரிசு வேண்டும் என்ற கணவனிடம் (மோகன்) விவாகரத்து கேட்கிறாள். அவன் தொட்டால் கம்பளிப்பூச்சி ஊர்வதுபோல் இருக்கிறது என்கிறாள். இந்த இடங்களில் பார்வையாளரின் இரக்கம் கணவன் பக்கம் சாய்ந்துவிடும். அதைத் தன் பக்கம் இழுக்க ரேவதி குழைவதில்லை. நடிப்பின் துணிச்சல் இதுதான். விவாகரத்துக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டியிருக்கிறது. பின்னர், தாக்கப்பட்டுக் காயமடைந்த கணவனை அவள் கவனிக்க வரும்போது அதே கம்பளிப்பூச்சி அவளிடமே திரும்பி வருகிறது. முன்பு சொன்ன சொல் எவ்வளவு கூரானது என்பது அப்போது ரேவதியின் முகத்தில்தான் தெரிகிறது.