ஒரு லைன், மூன்று கருவிகள்

இன்று கடைக்கு இரண்டு மூன்று செல்போன்கள் இருக்கின்றன. 1990-களில் ஒரு டெலிபோன் லைனுக்கே மனுக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோம். கிடைத்த ஒற்றை லைனில் பேச்சு, பேக்ஸ், கம்ப்யூட்டர் மூன்றையும் ஓட்டியாக வேண்டும். அதற்காக வந்ததுதான் லைன் ஷேரிங் ஸ்விட்ச் என்ற சிறிய பெட்டி. அதில் நாங்கள் பட்ட அனுபவம் இன்றைய வணிகருக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறோம்.

மதுரை கீழமாசி வீதியில் எங்கள் மொத்தக் கடை, திண்டுக்கல்லில் கிளை. 1997-ல் அன்றாட விற்பனையையும் சரக்கு இருப்பையும் கிளைக் கம்ப்யூட்டர் மோடம் மூலம் எங்களுக்கு அனுப்பும்படி ஏற்பாடு செய்தோம். எஸ்.டி.டி. கட்டணம் இரவில் குறைவு என்பதால் கடை அடைத்த பிறகே அது கூப்பிடும்.

பெட்டியின் ஒரு பக்கத்தில் லைனைச் சொருகுவார்கள். மறுபக்கம் டெலிபோன், பேக்ஸ், மோடம் மூன்றுக்கும் தனித்தனி இணைப்பு. அழைப்பு வந்ததும் பெட்டியே லைனை எடுத்து, சில நொடி கவனித்துக் கேட்கும். தானாக டயல் செய்யும் பேக்ஸ் மிஷின் 1100 ஹெர்ட்ஸ் ஒலியை அரை நொடி எழுப்பி, மூன்று நொடி ஓய்ந்து, மறுபடி எழுப்பும். அந்த ஒலி கேட்டால் அழைப்பு பேக்ஸுக்குப் போகும். கேட்காவிட்டால் பேச வந்த ஆள் என்று முடிவு செய்து டெலிபோன் மணியை அடிக்கும்.

சிக்கல் மோடத்தில்தான். கூப்பிடுகிற மோடம் பெரும்பாலும் வாய் திறக்காது. எடுக்கிற மோடம் முதலில் ஒலி கொடுக்கட்டும் என்று காத்திருக்கும். மௌனமாக வந்த அழைப்பை மனிதர் என்று எண்ணிய பெட்டி டெலிபோனை அடித்தது. பூட்டிய கடையில் மணி அடித்து ஓய்ந்தது. கணக்கு வந்து சேரவில்லை.

இதற்கு வழி, வருகிறவர் யார் என்பதை ஓர் எண்ணால் சொல்ல வைப்பதே. கிளை மோடத்தில் எங்கள் நம்பருக்குப் பின்னால் சில கமாக்களும், அதன்பின் பெட்டியில் நாங்கள் குறித்து வைத்த இரண்டு இலக்க எண்ணும் சேர்த்தோம். ஒரு கமா என்றால் மோடம் வழக்கமாக இரண்டு நொடி நிற்கும். பெட்டி லைனை எடுக்கும் வரை பொறுப்பதற்கு எத்தனை கமா வேண்டும் என்பதைப் போட்டுப் பார்த்தே தெரிந்துகொண்டோம். அந்த எண்ணை டோன் முறையில்தான் அனுப்ப வேண்டும். பழைய பல்ஸ் முறையில் அனுப்பினால் பெட்டிக்குப் புரியாது. எங்கள் பக்கத்து மோடமும் தானாக எடுக்கும்படி இருக்க வேண்டும்.

இரவுக் கணக்கு ஒழுங்காக வரத் தொடங்கியது. பகலில் வேறு கஷ்டம் வந்தது. கிராமத்து மளிகைக்காரர் ஒருவர், பல வருட வாடிக்கை, நேரில் வந்து சொன்னார்: "அண்ணாச்சி, பூத்துல இருந்து மூணு தடவ போட்டேன். மணி அடிக்குது, யாரும் எடுக்கல. ஆனா மூணுக்கும் பில்லு வந்துருச்சு. பருப்ப வேற மண்டியில போட்டுட்டேன்."

விசாரித்தபோதுதான் புரிந்தது. பெட்டி லைனை எடுத்த நொடியே அழைப்பு கிடைத்ததாக மீட்டர் ஓடத் தொடங்கிவிடும். அதன்பின் அவர் காதில் விழுந்தது பெட்டி தானே எழுப்பிய மணியோசை. கடையில் கூட்டம் என்று நாங்கள் எடுக்கத் தாமதித்த ஒவ்வொரு நிமிடமும் அவர் காசு.

அன்று முதல் பகலில் பெட்டியின் மின்சாரத்தை நிறுத்திவிட்டோம். எங்கள் பெட்டியில் மின்சாரம் இல்லாவிட்டால் லைன் நேராக டெலிபோனுக்குப் போய்விடும். பேக்ஸ் ஒலி கேட்டால் பையன் மிஷினில் பட்டனை அழுத்துவான். கடை அடைக்கும்போது பெட்டியைப் போட்டுவிட்டுப் பூட்டுவோம்.

அந்தப் பெட்டி இன்று பரணில் கிடக்கிறது. ஆனால் "ஒன்றை அழுத்துங்கள், இரண்டை அழுத்துங்கள்" என்று பதிவுக் குரல் வைக்கும் கடைகள் பெருகிவிட்டன. வணிகப் பெருமக்களுக்கு எங்கள் யோசனை ஒன்றுதான். எந்தப் புதுக் கருவியை மாட்டினாலும், மாதம் ஒரு முறை வெளியிலிருந்து உங்கள் கடைக்கு நீங்களே போன் செய்து பாருங்கள். வாடிக்கையாளர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பது அப்போது தெரியும்.