இயந்திரம் கெடவில்லை, வேலை மட்டும் நின்றது ஏன்?

ஈப்போ: ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிய பிறகு, பேராக் தோட்டப்புறப் பிள்ளைகள் பலர் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். தஞ்சோங் மாலிமில் 2003இல் தொடங்கிய புரோட்டோன் கார் ஆலை போன்ற இடங்களில் ரோபோக்களும் மனிதர்களோடு சேர்ந்து வேலை செய்கின்றன.

தானியங்கி ஆலைகளில் சில நேரம் விநோதமான ஒரு நிலை ஏற்படும். மின்சாரம் இருக்கும், எந்த இயந்திரமும் பழுதாகியிருக்காது. ஆனால், ஒன்றும் நகராது. இதைத்தான் ‘டெட்லாக்’ என்கிறார்கள். நம் தமிழில் முட்டுக்கட்டை.

ஓர் எளிய உதாரணம். ஓர் இயந்திரம், அதற்குப் பொருள் ஏற்றி இறக்க ஒரு ரோபோ. இயந்திரம் வேலையில் இருக்கும்போதே ரோபோ அடுத்த பொருளைக் கையில் எடுத்துவிடுகிறது. இயந்திரம் வேலையை முடித்து, “இதை இறக்கு” என்று ரோபோவுக்குக் காத்திருக்கிறது. ரோபோவின் கையோ காலியில்லை. அது இயந்திரம் காலியாகக் காத்திருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு அப்படியே நிற்கும். ஒரே இயந்திரத் தொகுதியில் பலவகைப் பொருள்களை மாற்றி மாற்றிச் செய்யும் நெகிழ்வு உற்பத்தி முறையில் இந்தச் சிக்கல் இன்னும் எளிதாக வரும்.

இதை முன்கூட்டியே தாளில் கண்டுபிடிக்க உதவுவது ‘பெத்ரி வலை’. ஜெர்மானிய அறிஞர் கார்ல் ஆடம் பெத்ரி 1962இல் தமது முனைவர் பட்ட ஆய்வில் இதற்கு அடித்தளமிட்டார். வட்டம் என்றால் ஒரு நிலை: “ரோபோ காலி”, “இயந்திரம் காலி”. கோடு என்றால் ஒரு செயல்: “எடு”, “ஏற்று”, “இறக்கு”. வட்டத்துக்குள் புள்ளி இருந்தால் அந்த நிலை இப்போது நிலவுகிறது என்று பொருள். ஒரு செயலுக்குத் தேவையான எல்லா வட்டங்களிலும் புள்ளி இருந்தால்தான் அது நடக்கும். நடந்ததும் அந்தப் புள்ளிகள் நீங்கி, அடுத்த வட்டங்களுக்குப் போகும். எந்தச் செயலும் நடக்க முடியாதபடி புள்ளிகள் நின்றுவிட்டால், அதுவே முட்டுக்கட்டை.

தீர்வும் அந்தப் படத்திலேயே கிடைக்கும். “எடு” என்ற செயலுக்கு “ரோபோ காலி” மட்டும் போதாது, “இயந்திரம் காலி” என்ற புள்ளியும் வேண்டும் என்று, “இயந்திரம் காலி”யிலிருந்து “ஏற்று” செயலுக்குப் போகும் அம்புக்குறியை “எடு” செயலுக்கு மாற்றினால் போதும். முடிந்த பொருளை இறக்கிய பிறகே அந்தப் புள்ளி திரும்பி வரும். இரட்டைத் தண்டவாளம் வருமுன், எதிர் ரயில் கடந்த பிறகே நம் ரயிலை ஒற்றைத் தண்டவாளத்தில் விட்டார்களே, அதே நியாயம்தான். அடுத்த பொருள் வரும்வரை இயந்திரம் சற்றுச் சும்மா இருக்கும். ஆனால் ஒரேயடியாக நின்றுபோகாது.

இத்துறையில் முன்னோடியான ஓர் ஆய்வு 1990இல் வெளிவந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் என். விஸ்வநாதம், ஒய். நரஹரி இருவரும் டி. எல். ஜான்சனுடன் சேர்ந்து எழுதியது அது. சிறிய அமைப்பு என்றால், வரக்கூடிய எல்லா நிலைகளையும் கணக்கிட்டு ஆபத்தானவற்றை முன்பே தடுத்துவிடலாம். பெரிய அமைப்பில் நிலைகளின் எண்ணிக்கை கட்டுக்கடங்காமல் பெருகும். அங்கே, வேலை நடக்கும்போதே சில படிகள் முன்னோக்கிப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். அதையும் மீறிச் சிக்கினால், மீள்வதற்கு வழி வைத்திருக்க வேண்டும்.

உற்பத்தி நின்றால் பழி முதலில் விழுவது பெரும்பாலும் அங்கே நிற்கும் ஆப்பரேட்டர் மீது. ஆனால், இத்தகைய தேக்கம் யாருடைய சோம்பலாலும் வருவதல்ல; வேலை வரிசையை வகுத்ததிலேயே இருக்கும் குறை. அடுத்த முறை இயந்திரங்கள் காரணமின்றி நின்றால், எது எதைப் பிடித்திருக்கிறது, எது எதற்குக் காத்திருக்கிறது என்று குறித்து வையுங்கள். காத்திருப்பு வட்டமாகச் சுற்றி வந்தால் காரணம் கிடைத்துவிட்டது. அந்தக் குறிப்பைப் பொறியாளரிடம் காட்டலாம்.

ஈப்போ உங்கு ஓமார் போலிடெக்னிக் போன்ற இடங்களில் படிக்கும் நம் மாணவர்களுக்கும் இது பயன்படும். பெத்ரி வலையைப் பழகத் தொடங்க ஒரு தாளும் பென்சிலும் போதும்.